பீச்சாங்கை வண்டி

மஸ்கட்டிலிருந்து எந்த விமானத்தில் வந்தேன், அது எத்தனை மணி நேரம் தாமதம் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எனக்குக் கிடைத்தது முப்பது நாள் விடுப்பு. அதற்குள் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று.

ஒரத்தநாட்டுப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அண்ணன் சகாயராஜுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்டார் என்றும், வெள்ளியையும் விட்டுவிடுவதாகச் சொல்கிறார் என்றும் அண்ணி போனில் அழுதார். நான் நர்ஸ். அந்த மெஷினை விட்டவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது போகாவிட்டால் அடுத்த முறை நான் பெட்டி கட்டுவது சாவுக்குத்தான் என்று தெரிந்துதான் கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் தன் கொட்டகையில், கருகிப்போன பம்புசெட் மோட்டார் ஒன்றின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் அவர் தொழில். முகம் ஊதி, கண் சிறுத்திருந்தது. "வந்துட்டியா லூர்து? அங்கேருந்து கிட்னி ஏதும் கொண்டாந்தியா, இல்ல வழக்கம்போல சோப்பும் தைலமும்தானா?" என்றார். கிண்டல் மட்டும் வீங்கவில்லை, பழைய அளவிலேயே இருந்தது.

வாசலில் இளநீர் குவிந்து கிடந்தது. சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. இளநீரில் இருக்கும் பொட்டாசியம் கிட்னி போனவருக்கு விஷம். வந்தவர்கள் அத்தனை பேரும் அன்போடு விஷத்தைச் சீவிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்ததில் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எளநி ஒடம்புக்கு ஆகாதா? அரபு நாட்டுல போயி என்னத்தம்மா படிச்சுட்டு வந்த?" என்று கேட்டுவிட்டுத் தன் இளநீரைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

ஏன் விட்டார் என்பதை அண்ணிதான் அடுப்படியில் வைத்துச் சொன்னார். அண்ணியின் பெயர் அமலோற்பவம். காய்களைப் பொட்டாசியம் போக இரண்டு தண்ணீரில் வேகவைத்து, இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் தாளித்துக்கொண்டே பேசினார். நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்தவர், உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று, இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவாராம். ஒரு நாள் கல்யாணத்துக்குப் போன ஒரு அம்மாவின் பட்டுச் சேலை மேல் வாந்தி எடுத்துவிட்டார். அவரையும் கூடப் போன அண்ணியையும் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் நின்றிருக்கிறார்கள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டிப் போட்டவங்கதான் லூர்து. இனிமே போகலைன்னுட்டாங்க" என்றார் அண்ணி.

வாடகைக் கார் ஊரில் ஒன்றே ஒன்று. பங்குனி மாத முகூர்த்த நாள்களில் அதற்கு என் அண்ணனின் ரத்தத்தைவிட மாப்பிள்ளையின் ஊர்வலம் முக்கியம். ஒரே மகன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருக்கிறான். பணம் அனுப்புவான், பஸ்ஸில் இடம் பிடித்துத்தர அவனால் முடியாது.

முதல் வெள்ளிக்கிழமை நானே அவரை இழுத்துக்கொண்டு போனேன். மஸ்கட்டில் என் வார்டுக்கு வருகிறவர்கள் குளிர்ந்த காரில் வந்து இறங்கி, இட்லி ஆறிவிட்டது என்று என்னைத் திட்டுவார்கள். இங்கே என் அண்ணன் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். திரும்பும்போது அந்த இடமும் கிடைக்கவில்லை. என் தோளில் சாய்ந்து நின்றார். அவர் எடை எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்ததும், ஒரு கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். எலி வளையானாலும் தனி வளை வேணும்ணே."

"இருக்கப்போறது இன்னும் எத்தன நாளைக்கு? அதுக்கு ஒரு காரா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த ஐந்தாறு வருடங்களில் தஞ்சாவூரில் புதுப்புதுக் கார்கள் முளைத்துவிட்டன. நான் போனபோது அம்பாசடரை விட்டால் வேறு கதியில்லை. இப்போது வண்ண வண்ணமாகச் சின்னக் கார்கள் கீழவாசல் நெரிசலில் மூஞ்சூறு மாதிரி நுழைகின்றன. ஆனால் அவை எதுவும் என் கைக்கு எட்டவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கணவருக்காகக் காத்திருந்த ஒரு அம்மாள்தான், பூதலூரில் தன் உறவுக்காரர் வீட்டில் ஒரு ஜப்பான் வண்டி சும்மா நிற்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

மறுநாளே பாசஞ்சர் ரயில் ஏறினேன். ரயில் தாமதம், வறுத்த வேர்க்கடலை சூடு, அதனால் யாரும் குறை சொல்லவில்லை. எதிர் சீட்டில் இருந்த இருவர் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்ட விதத்தை எழுதியே ஆகவேண்டும். "மேட்டூர்ல எவ்வளவு நிக்குது?" என்றார் ஒருவர். அணையின் நீர்மட்டத்தைச் சொன்னார் மற்றவர். அதற்குப் பிறகுதான் பெண்டாட்டி பிள்ளைகள் பற்றிக் கேட்டுக்கொண்டார்கள்.

பூதலூரில் கோவிந்தராசு என்ற விவசாயியின் வீடு. "வாங்கம்மா, வெயில்ல வந்துருக்கீங்க" என்று மோர் கொடுத்துவிட்டு, விதைநெல் மூட்டைகளும் வைக்கோலும் கிடந்த கொட்டகைக்குக் கூட்டிப் போனார். நடுவில் வெள்ளை நிறத்தில் நாலு கதவுக் கார். கம்பெனிப் பெயரை எழுதவில்லை, எழுதினால் எனக்கு ஏதோ கமிஷன் என்று நினைப்பார்கள். அவர் மகன் வளைகுடாவை விட்டு ஒரேயடியாகத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தது. ஒரேயடியாக வந்தவன் ஒரு வருடத்தில் ஒரேயடியாகத் திரும்பப் போய்விட்டான்.

"அவன் போனதுலேருந்து ஒருத்தரும் தொடலம்மா. கோழிதான் பின்னாடி சீட்டுல முட்டை வைக்குது. அது மட்டும் நல்ல சீட்டுன்னு சொல்லுது" என்றார்.

நான் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். தூசிக்குள்ளும் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. கியர் குச்சி கை வைத்த இடத்தில் இருந்தது. விளக்குச் சுவிட்சைத் தேட வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருடம் ஓட்டிப் பழகிய வண்டியில் உட்கார்ந்தது போலவே இருந்தது. துருவும் அதிகம் இல்லை. உள்ளுக்குள் ஒரு குரல், இதுதான் என்றது. அங்கேயே பேசி முடித்துவிட்டேன். நல்ல காரியம் என்று கோவிந்தராசுவின் மனைவி இலை போட்டார். கத்தரிக்காய் போட்ட வத்தக்குழம்பு, கீரை மசியல், சுட்ட அப்பளம். தவக்காலம், கவிச்சி சாப்பிட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று சனிக்கிழமை, அவர்கள் வீட்டிலும் கவிச்சி கிடையாதாம். இரண்டு மதங்களும் சேர்ந்து எனக்கு நல்ல சாப்பாடு போட்டன.

திங்கட்கிழமை தஞ்சாவூரிலிருந்து அன்வர் பாய் என்ற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனேன். அம்பாசடரைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுவார் என்று பெயர். அவர் கொட்டகைக்குள் மிடுக்காக நுழைந்து, வலது பக்கக் கதவைத் திறந்து, உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். கைகள் காற்றில் நின்றன. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஸ்டியரிங்க எங்க கழட்டி வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஸ்கட்டில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அங்கேதான். அதனால் பூதலூர்க் கொட்டகையில் இடது சீட்டில் உட்கார்ந்து, எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது என்று பூரித்துப்போய் வாங்கியிருக்கிறேன். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டேன். கோவிந்தராசுவோ, வெளிநாட்டில் இருந்து வந்த அம்மா, தெரிந்துதான் கேட்கிறார் என்று நினைத்திருக்கிறார். என்னைப் போன்ற பயணக்காரிக்குத்தான் இப்படி ஒரு மடத்தனம் வாய்க்கும்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விடுப்பு கரைந்துகொண்டிருந்தது, வேறு வண்டி தேட நேரமும் இல்லை. இதையே ஓட வைப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க, நான் இடது சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தஞ்சாவூர்வரை வந்தேன். வழியில் டீக்கடையில் இருந்த ஒருவர் எழுந்து நின்று, "டேய், பீச்சாங்கை வண்டிடா!" என்றார். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

அன்வர் பாய் வண்டியைப் பார்த்துப் பயப்படவில்லை. பிரேக் சிலிண்டரில் ரப்பர்கள் இறுகிப்போயிருந்தன. சின்னக் கார் ஒன்றின் ரப்பர்களைச் செதுக்கிப் பொருத்தினார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து வெல்லப்பாகாகியிருந்தது. ரேடியேட்டர் ஹோஸுக்குப் பம்புசெட் ஹோஸை வெட்டினார். ஃபேன் பெல்ட் தமிழ்நாட்டில் எங்கும் இல்லை என்று இரண்டு நாள் முழித்துவிட்டு, மூன்றாம் நாள் மாவு மில்லுக்குப் போய் ஒரு பெல்ட்டோடு வந்தார். "இட்லி மாவு அரைச்ச பெல்ட்டுக்கா. வஞ்சகம் பண்ணாது" என்றார். பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்து எஞ்சின் உறுமியபோது பட்டறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் விளக்கு ஒன்றும் எரியவில்லை. விதைநெல்லுக்கு வந்த எலிகள் வண்டியின் வயரிங்கை முழுதாகத் தின்றிருந்தன. எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, வரைபடம் இல்லாமல் தொட மாட்டேன் என்று போய்விட்டார். வண்டிக்குப் பெயர் மாற்றப் போன ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ, "லெஃப்ட் ஹேண்ட் வண்டின்னா இண்டிகேட்டர் கட்டாயம் எரியணும்மா. நீங்க அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டுக் கையக் காட்டுனா எவனுக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டார்கள். நியாயமான கேள்வி.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு வயர்க்காரர் இருக்கும்போது நான் ஏன் அலைய வேண்டும்? விளக்கு எரியாத வண்டியை ரோட்டில் ஓட்டப் பயந்து மறுபடியும் கயிறு கட்டினேன். சாயங்காலம் அண்ணனின் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு எலி குதித்து ஓடியது.

"எலி வளையானாலும் தனி வளைன்ன. சரின்னு எலியோட வளையவே வாங்கிட்டு வந்துட்ட" என்றார். பிறகு, "எனக்கு முடியல லூர்து. வேற ஆளப் பாரு" என்று உள்ளே போய்விட்டார்.

நடுவில் இரண்டு முறை பஸ்ஸிலேயே அவரை இழுத்துக்கொண்டு போயிருந்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன். பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று ஒரே பிடி. அன்றைக்கும் கார்க்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். புதன்கிழமை மதியம் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த மூச்சின் சத்தம் எனக்கு வார்டில் பழக்கமான சத்தம். அதற்கு அடுத்து என்ன என்பதும் பழக்கம்தான்.

"அண்ணே, நான் பொய் சொல்ல மாட்டேன். இந்த வெள்ளிக்கிழமையும் நீங்க வரலைன்னா அடுத்த வெள்ளிக்கு நீங்க இருக்க மாட்டீங்க. எனக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா? உங்களப் பொதைக்கறதுக்கு நான் லீவு போட்டு வரல" என்றேன். இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அழுதுகொண்டே கத்திவிட்டேன்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்து கொட்டகைக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப்பை ஒரு வயரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிய வேண்டிய இடத்துக்கெல்லாம் அண்ணி குனிந்து, அவர் சொன்ன வயரை இழுத்துக் கொடுத்தார். வியாழன் பொழுது சாய்வதற்குள் மோட்டாருக்குக் கட்டும் கம்பிகளும் மாதா கோவிலின் பழைய மைக்செட் வயரும் கலந்து, வண்டியின் நரம்பு மண்டலம் புதிதாக ஓடியது. இடது இண்டிகேட்டர் போட்டால் ஹாரனும் லேசாக முனகியது. "அது எக்ஸ்ட்ரா. காசு கேக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை காலை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தால் நம் ஊர்ச் சாலையில் என்ன நேரும் என்பது முதல் பஸ்ஸின் பின்னால் போய் நின்றபோதுதான் விளங்கியது. நான் உட்கார்ந்திருப்பது வயல் ஓரம். முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமானால், எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் வண்டி முழுவதையும் நடுரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் கொண்டுபோனேன். எதிரே கரும்பு லாரி.

"லூர்து! உள்ள போ!" என்று அண்ணன் அலறினார். உள்ளே வந்துவிட்டேன்.  

பிறகு அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார். "நீ எதுவும் பாக்காத. நான் சொல்றப்ப மட்டும் போ. இரு... இரு... ஒரு சைக்கிள் வருது... இப்ப போ. போ, போ!" பஸ்ஸைத் தாண்டினோம். அதற்குப் பிறகு ஒரு மாட்டு வண்டி, ஒரு டிராக்டர், இன்னொரு பஸ். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் அவர் பேசிய பேச்சு, நான் வந்த நாளாகப் பேசியதைவிட அதிகம். இறங்கும்போது, "கண்ணு தெரியாதவ வண்டி ஓட்ற. வழி சொல்ல ஒருத்தன் வேணும் ஒனக்கு" என்றார். அந்த முகத்தில் கர்வம் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமைப் பயணத்தில் வேறொரு கண்டம். எங்கள் பக்கம் உளுந்து அறுத்ததும் செடியோடு தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்து மணியைப் பிரித்துக் கொடுக்கும். கூலி இல்லாத வேலைக்காரர்கள். பஸ்ஸும் அம்பாசடரும் அதன் மேல் அலட்சியமாக ஏறிப் போகும். ஜப்பான்காரர்கள் உளுந்தைப் பற்றி யோசிக்காமல் வண்டியைத் தரையோடு தரையாகச் செய்துவிட்டார்கள். காய்ந்த கொடிகள் அடியில் சுற்றிக்கொண்டன. சைலன்ஸர் சூட்டில் புகை கிளம்பியது.

ஓரத்தில் நின்ற பெண்கள் ஓடிவந்தார்கள். என் அண்ணனை இறக்கி நிழலில் உட்காரவைத்தது இரண்டு பேர், குடத்துத் தண்ணீரை ஊற்றியது ஒருத்தி, அரிவாளோடு வண்டிக்கு அடியில் படுத்தது ஒரு கெட்டிக்காரி. கொடியை அறுத்து வெளியே வீசிக்கொண்டே, "இம்புட்டுத் தாழ்வா ஒரு வண்டியா? இதுல போறதுக்கு நடந்து போவலாம்ல?" என்று திட்டினாள். அறுத்ததையெல்லாம் உதறி, உள்ளே இருந்த உளுந்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். அண்ணன் நிழலில் உட்கார்ந்து விலா நோகச் சிரித்தார். அதிலிருந்து உளுந்து பரப்பிய இடங்களில் கொடியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போக அண்ணியும் வைக்கோல் அள்ளும் ஒரு கவையோடு பின்சீட்டில் வந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்த வேளையில், பதினொரு நாள்தான் பாக்கி இருந்தது. நான் போன பிறகு யார் ஓட்டுவது? அண்ணன் வாலிபத்தில் நெல் மில் வேன் ஓட்டியவர், லைசென்ஸும் இருக்கிறது. ஆனால் டயாலிசிஸ் ஊசிக்காக அவர் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் ஸ்டியரிங்கை இழுக்க நான் விடமாட்டேன். மெஷினிலிருந்து எழுந்தால் தலையும் சுற்றும். டிரைவர்களைத் தேடினேன். முதல் ஆள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழகுன கையி கேக்காதுக்கா" என்றார். இரண்டாவது ஆள் ஓட்டிப் பார்த்து, களத்துமேட்டு வைக்கோல் போரில் கொண்டுபோய்ச் சொருகினார். மூன்றாவது ஆள் வருவதாகச் சொல்லி வரவே இல்லை.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான். நான் போன மறுநாள் இந்த வண்டியும் கோழி முட்டை வைக்கும் இடமாகும், அண்ணன் மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்காருவார். முற்றத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அண்ணி கையைக் கழுவாமலே நிமிர்ந்தார்.

"பழகுனவங்களுக்குத்தான லூர்து கை கேக்காது? எனக்குத்தான் எந்தப் பக்கமும் தெரியாதே. ஸ்டியரிங் எங்க இருந்தா எனக்கு என்ன?"

நான் அவரையே பார்த்தேன். மொபெட்டில் இரண்டு கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆற்றுக் கரையில் வருகிறவர். இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

மறுநாளே பழகுநர் உரிமத்துக்கு எழுதிப் போட்டு, களத்துமேட்டில் பாடம் தொடங்கினோம். கிளட்ச்சை விட்டால் வண்டி தவளை மாதிரி துள்ளியது. அண்ணன் வலது சீட்டில் உட்கார்ந்து கத்தினார், அண்ணி இடது சீட்டில் உட்கார்ந்து திருப்பிக் கத்தினார். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் பேசாமல் விட்டதையெல்லாம் அந்தக் களத்தில் பேசி முடித்தார்கள். "ஒடம்பு சரியில்லாதவங்கன்னு பாக்குறேன், இல்லன்னா எறக்கி விட்டுருவேன்" என்றார் அண்ணி. ஐந்தாம் நாள் துள்ளல் நின்றது. ஏழாம் நாள் கிராமத்துச் சாலையில் மாதா கோவில்வரை போய்த் திரும்பினார்கள். பழகும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அண்ணன் தன் பழைய லைசென்ஸை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை. மறுநாள் எனக்கு விமானம். முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுத்தை ஒட்டி, அண்ணி ஓட்டினார், அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டு வழி சொன்னார், நான் பின்சீட்டில் கவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இரு... இரு... இப்ப போ." போகும்போது ஆறு வண்டிகளைத் தாண்டினோம். புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் இல்லை. மணலில் மாடுகள் நடந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரியில் அவர் நான்கு மணி நேரம் மெஷினில் இருந்தபோது, அண்ணி காருக்குள்ளேயே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்.

திரும்பும்போது அண்ணன் சீட்டில் சாய்ந்த உடனே தூங்கிவிட்டார். தஞ்சாவூரைத் தாண்டியதும் ஒரு வைக்கோல் லாரி முன்னால் மாட்டியது. இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, மாடு நடக்கும் வேகத்தில் போனது. தூசி பறந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். அண்ணி லாரியின் வாலைப் பிடித்ததுபோல் அதன் பின்னாலேயே போனார்.

நான் பின்சீட்டில் வலது ஓரத்துக்கு நகர்ந்து, தலையை நீட்டிப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. "அண்ணி, ஒண்ணும் வரல. போகலாம்" என்றேன்.

அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வேணாம் லூர்து. நாளைக்கு நீ இருக்க மாட்ட. அவங்கதான சொல்லணும். அவங்க சொல்லட்டும்."

நான் பழைய இடத்துக்கே நகர்ந்து உட்கார்ந்தேன். பத்து மைலுக்குமேல் அந்த வைக்கோலின் பின்னாலேயே போனோம். அண்ணி ஹாரன் அடிக்கவில்லை, அவரை எழுப்பவும் இல்லை. 

ஒரத்தநாடு நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் அண்ணன் விழித்துக்கொண்டார். முன்னால் இருந்த வைக்கோலைப் பார்த்தார். தன் சட்டை மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா இவன் பின்னாடி வர்றோம்?"

"தஞ்சாவூர்லேருந்து" என்றார் அண்ணி.

அவர் அண்ணியை ஒரு முறை பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார். "இரு... இரு அமலி... பால்காரன் போகட்டும்... இப்ப போ!" அண்ணி கியரை மாற்றினார். வைக்கோல் லாரி எங்கள் பக்கமாக உரசுவது போல் வந்து, பின்னால் போனது.

அண்ணன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றினார். "செவ்வாக்கெழம காலையில வெள்ளனவே கெளம்பிரணும். இந்த வைக்கோல்காரனுங்க ரோட்டுக்கு வர்றதுக்குள்ள நம்ம தஞ்சாவூர்ல இருக்கணும்" என்றார்.